அறுபதுக்கு இருபத்தைந்து: இனிப்புச் சோளக் குறிப்புகள்

வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு என்ன இடைவெளி என்று கேட்டால், தமிழ்நாட்டில் இறவைப் பயிர் செய்கிறவர்கள் யோசிக்காமல் சொல்லும் விடை ‘அறுபதுக்கு இருபத்தைந்து’. பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25. ஸ்வீட் கார்ன் போடுகிறவர்களும் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு செடிக்கு 1,500 சதுர சென்டிமீட்டர் நிலம். ஹெக்டேருக்கு 66,666 செடி. ஏக்கருக்கு ஏறக்குறைய 27,000.

இது தானியத்தை மனதில் வைத்துப் பிறந்த எண். கோழித்தீவனத்துக்குப் போகும் காய்ந்த மணியும், பச்சையாக ஒடித்து வேகவைத்துத் தின்னும் கதிரும் ஒரே செடியில் விளைந்தாலும் ஒரே சரக்கு அல்ல. மணிக்குச் சரியான எண் கதிருக்கும் சரியாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

*

நெல்லில் நாலு குத்து போய்விட்டால் பக்கத்துக் குத்துகள் கூடுதலாகத் தூர் கட்டி இடத்தை நிரப்பிவிடும். அறுவடையில் வித்தியாசம் தெரியாது. மக்காச்சோளத்துக்கு அந்தத் தயவு இல்லை. ஒரு விதைக்கு ஒரு தண்டு, ஒரு தண்டுக்கு விற்கத்தக்க ஒரு கதிர். விட்டுப்போன இடம் விட்டுப்போனதுதான்.

இனிப்புச் சோளம் மட்டும் கொஞ்சம் விலக்கு. இடம் தாராளமாக இருந்தால் அடியில் பக்கத்தூர் விடும், மேலே இரண்டாவது கதிரும் தள்ளும். பக்கத்தூரில் பெரும்பாலும் கதிர் தேறாது. இரண்டாவது கதிர் முதல் கதிரின் பருமனுக்கு வராது. பக்கத்தூர் சத்தைத் தின்கிறது என்று ஆள் விட்டு ஒடிக்கிறவர்கள் உண்டு. ஒடிப்பதால் விளைச்சல் கூடுவதில்லை, கூலிதான் கூடுகிறது. பக்கத்தூர் நிறையக் கிளம்பியிருக்கிறது என்றால் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்: இந்த வயல் இன்னும் சில செடிகளைத் தாங்கியிருக்கும்.

*

ஜப்பானில் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தில் கிராவும் ஷினோசாகியும் அவர்கள் குழுவினரும் 1950களில் செடி நெரிசலைக் கணக்கில் பிடித்தார்கள். அவர்கள் 1956இல் வகுத்துக் கொடுத்த விதி எளிமையானது. செடியின் எடையை ஒன்றுக்குக் கீழே போட்டு வரும் தலைகீழ் எண், அடர்த்தி கூடக் கூட நேர்கோட்டில் ஏறும். இதன் பொருள்: செடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்தப் பச்சை எடை ஒரு மட்டம் வரை ஏறும், அதற்குப் பிறகு ஏறாது, இறங்கவும் செய்யாது. ஒவ்வொரு செடியும் எவ்வளவு இளைக்கிறதோ, அந்த அளவை எண்ணிக்கை ஈடுகட்டிவிடும்.

மாட்டுக்குப் போடும் தட்டைக்கு இந்த விதி போதும். கதிருக்குப் போதாது. கதிரின் கோடு ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, இறங்கிவிடும். செடி இளைத்தால் கதிரும் அதே விகிதத்தில் இளைப்பதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் கதிரே இல்லாத மலட்டுச் செடிகள் வந்துவிடும். தட்டைக்கும் கதிருக்கும் இந்த வேறுபாடு ஏன் என்பதற்கான விடை பூக்கும் காலத்தில் இருக்கிறது.

*

மக்காச்சோளம் ஆணையும் பெண்ணையும் ஒரே செடியில் தனித்தனி இடத்தில் வைத்திருக்கிறது. உச்சியில் ஆண்பூ, இடுப்பில் கதிர். மகரந்தம் முதலில் உதிரத் தொடங்கும். ஓரிரு நாளில் கதிரின் நுனியிலிருந்து பட்டிழை வெளியே வரும். நெரிசலிலும் வறட்சியிலும் செடி உச்சியைத்தான் முதலில் கவனிக்கும். ஆண்பூ ஏறக்குறைய நாள் தவறாமல் வரும், பட்டிழை மட்டும் தள்ளிப்போகும். ஓர் ஆண்பூ மகரந்தம் உதிர்ப்பது சுமார் ஒரு வாரம். பட்டிழை அதற்குமேல் தாமதித்தால் காற்றில் மகரந்தம் மிச்சமிருக்காது.

மெக்சிகோவில் உள்ள சிம்மிட் என்ற மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் பொலானோஸும் எட்மீட்ஸும் வறட்சி தாங்கும் மக்காச்சோளத்தைத் தேர்ந்தெடுக்க இந்த இடைவெளி நாட்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். ஆண்பூவுக்கும் பட்டிழைக்கும் இடையே நாள் குறைவாக உள்ள செடி, கஷ்ட காலத்தில் கதிரைக் கைவிடாத செடி. வயலில் நெரிசல் அதிகமா என்று தெரிந்துகொள்ள அளவுகோல் நாடாவோடு போக வேண்டியதில்லை. பூக்கும் வாரத்தில் இந்த நாள் இடைவெளியைப் பார்த்தால் போதும்.

*

ஒவ்வொரு பட்டிழையும் ஒரு முத்துக்குச் சொந்தம். கதிரின் அடிப்பக்கத்து முத்துகளின் இழை முதலில் வெளிவரும், நுனிப்பக்கத்து இழை கடைசியில். ஆகவே நெரிசலின் தண்டனை எப்போதும் நுனியில்தான் விழும்: ஒன்று, தாமதமாக வந்த இழைக்கு மகரந்தம் கிடைப்பதில்லை, அல்லது கிடைத்தும், மாவு போதாமல் இளம் முத்து சுருங்கிப்போகிறது.

கதிரில் எத்தனை முத்து வரிசை என்பது பெரும்பாலும் ரகத்தின் குணம். பூக்கள் ஜோடி ஜோடியாக உண்டாவதால் அது இரட்டைப்படையாகவே இருக்கும். பதினாலு, பதினாறு, பதினெட்டு. நெரிசல் அதை அதிகம் மாற்றுவதில்லை. ஒரு வரிசையில் எத்தனை முத்து என்பதைத்தான் குறைக்கிறது. நெரிசலில் விளைந்த கதிர் குட்டையாக, நுனி பொக்காக இருப்பதன் காரணம் இதுதான்.

தானியத்துக்கு நுனி பொக்கு பெரிய சங்கதி இல்லை. உதிர்த்து மூட்டை கட்டினால் எந்த மணி எந்தக் கதிரிலிருந்து வந்தது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? ஸ்வீட் கார்ன் வியாபாரி தோட்டத்துக்குள் கால் வைத்ததும் ஒரு கதிரின் தோலை உரித்து நுனியைத்தான் பார்ப்பார்.

*

ஒரு கணக்கு. எண்கள் புரிவதற்காக நானே போட்டவை, எந்த வயலின் அளவும் அல்ல.

செடிக்குச் செடி 33 செ.மீ.: ஏக்கருக்கு 20,000 கதிர், தோலோடு ஒன்று 360 கிராம், மொத்தம் 7,200 கிலோ.
25 செ.மீ.: 27,000 கதிர், 290 கிராம், 7,830 கிலோ.
20 செ.மீ.: 33,000 கதிர், 235 கிராம், 7,755 கிலோ.

கிலோ கணக்கில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு மூட்டை வித்தியாசம்தான். ஆனால் வாங்குகிறவர் ‘250 கிராமுக்குக் கீழே வேண்டாம்’ என்று சொன்னால் மூன்றாவது வயலில் பாதிக்கு மேல் கழிவு. அதே மூன்றாவது வயலின் கதிரைச் சாலையோரம் நின்று ஒன்று இவ்வளவு என்று விற்கிறவருக்குக் கொடுத்தால், ஆறாயிரம் கதிர் அதிகம். ஒரே மண், ஒரே விதை, ஒரே உரம். எது நல்ல இடைவெளி என்பது தராசைப் பொறுத்து மாறிவிட்டது.

*

விற்கும் அலகு எப்படி இடைவெளியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு மக்காச்சோளக் குடும்பத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

தீவனத்துக்கு ஆப்ரிக்கன் டால் போட்டால் 30க்கு 15: ஹெக்டேருக்கு 2,22,000 செடிக்கு மேல். இங்கே கதிரே தேவையில்லை, ஜப்பானியர் விதி முழுதாகச் செல்லும்.

பேபி கார்னுக்கு 45க்கு 25: ஏறக்குறைய 89,000. பட்டிழை எட்டிப்பார்த்த ஓரிரு நாளில், மகரந்தம் சேருமுன் கதிரை ஒடித்துவிடுவார்கள். நுனி பொக்கு என்ற பிரச்சினையே அங்கு எழாது. அதனால் கூடுதல் நெரிசலைத் தாங்கும்.

ஸ்வீட் கார்ன் இந்த இரண்டையும் விடக் கஷ்டமான பிள்ளை. முத்து நிறைந்திருக்க வேண்டும், நுனிவரை நிறைந்திருக்க வேண்டும், எல்லாக் கதிரும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒரே வாரத்தில் பால் பிடிக்கவும் வேண்டும். பட்டிழை வந்து மூன்று வாரத்துக்குள் ஒடித்தாக வேண்டிய சரக்கு இது.

பதனத் தொழிற்சாலைக்குப் போகும் கதிர் வேறு ரகம். அங்கே கதிரின் அழகு யாருக்கும் வேண்டாம். இயந்திரம் சீவி எடுத்த முத்து எத்தனை டன் என்பதே கணக்கு. அமெரிக்கச் சந்தையில் பச்சைக் கதிரை 48 அடங்கிய பெட்டியாக விற்பது வழக்கம்; நாலு டஜன். அங்கே எண்ணிக்கையும் பருமனும் சேர்ந்தே பேசும்.

*

நம் ஊரில் நடவு இடைவெளிக்கு ஒரு பழமொழி உண்டு. நெல்லுக்கு நண்டு ஓடவும், கரும்புக்கு நரி ஓடவும், வாழைக்கு வண்டி ஓடவும், தென்னைக்குத் தேர் ஓடவும் இடம் விடச் சொல்கிற பழமொழி. அதில் மக்காச்சோளம் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த பிந்திய பயிர் அல்லவா.

அமெரிக்காவில் அதற்கு ஒரு மிருகம் இருந்தது: குதிரை. களையெடுக்கும் கலப்பையை இழுக்கும் குதிரை இரு வரிசைக்கு நடுவே நடக்க வேண்டும். ஆகவே வரிசை 40 அங்குலம். முடிச்சுப் போட்ட கம்பியை வயலின் குறுக்கே இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு ஒரு குழியில் மூன்று விதை விழும்படி விதைக் கருவியை ஓட்டினார்கள். குழிகள் சதுரமாக அமைந்ததால் குதிரை நெடுக்கிலும் போகலாம், குறுக்கிலும் போகலாம். 40 அங்குலச் சதுரத்தில் மூன்று செடி என்றால் ஹெக்டேருக்கு 29,000 சொச்சம். 1930களில் அங்கே இருந்த அடர்த்தி ஏறக்குறைய இதுதான். மண்ணோ வெயிலோ அந்த எண்ணைத் தரவில்லை. குதிரையின் வயிற்று அகலம் தந்தது.

டிராக்டரும் களைக்கொல்லியும் வந்து குதிரை வெளியேறிய பிறகு வரிசை 30 அங்குலமாகச் சுருங்கியது. செடிகளின் எண்ணிக்கை இன்று அங்கே 80,000 அளவுக்கு வந்துவிட்டது.

*

அமெரிக்க மக்காச்சோள விளைச்சல் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் பல மடங்கு ஏறியதற்கு ரகங்கள் காரணம் என்கிறோம். டொனால்ட் டுவிக் என்ற பயிர்ப் பெருக்க அறிஞர் 1930கள் முதலான ஒட்டு ரகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டுப் பார்த்தார். மிக விலக்கி நட்ட இடத்தில் பழைய ரகச் செடிக்கும் புதிய ரகச் செடிக்கும் விளைச்சலில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நெருக்கி நட்ட இடத்தில்தான் பழையது விழுந்தது, புதியது நின்றது. புதிய ரகம் கூட்டத்தில் கதிரை விட்டுவிடாமல் வாழப் பழகிய ரகம். நிமிர்ந்த தோகை, சிறிய ஆண்பூ, தாமதிக்காத பட்டிழை என்று எல்லாம் அந்தப் பழக்கத்தின் பகுதிகள்.

இனிப்புச் சோளத்தில் பயிர்ப் பெருக்கத்தின் கண் வேறு பக்கம் இருந்தது: சர்க்கரை, மெல்லிய தோல், முத்தின் நிறம். 1953இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லாக்னன், முத்தைச் சுருங்கவைக்கும் ஒரு மரபணு சர்க்கரையை ஏற்றுகிறது என்று எழுதினார். இன்று நாம் தின்னும் ‘சூப்பர் ஸ்வீட்’ அந்த வழியில் வந்தது. ருசி கூடியது, நெரிசல் தாங்கும் குணம் தானியச் சோளம் அளவுக்குக் கூடவில்லை. அமெரிக்க வேளாண்துறையின் மார்ட்டின் வில்லியம்ஸ் சில ஆண்டுகளாகத் துருவுவது இதையேதான்: இனிப்புச் சோள ரகங்களில் நெரிசல் தாங்குவன எவை, தாங்காதன எவை? தாங்கும் ரகத்தை வாங்கிவிட்டுப் பழைய இடைவெளியிலேயே நடுகிறவர் விளைச்சலை விட்டுக்கொடுக்கிறார். தாங்காத ரகத்தை நெருக்குகிறவர் காசு கொடுத்து மலட்டுச் செடி வாங்குகிறார். ரகத்தின் பெயரைச் சொல்லாமல் இடைவெளி பேசுவதில் அர்த்தம் குறைவு.

*

சுருங்கிய விதைக்கு இன்னொரு விலை. உள்ளே மாவு குறைவு, எடை குறைவு, முளைப்பு வேகமும் குறைவு. ஆழமாக ஊன்றினாலோ, மண் இறுகினாலோ, தண்ணீர் தேங்கினாலோ வெளியே வராது. விதையின் விலையோ அதிகம். குழிக்கு இரண்டு ஊன்றிக் கலைத்துவிடவும் மனம் வராது.

விட்டுப்போன இடத்தில் பத்து நாள் கழித்து மறு விதை ஊன்றுவது பலர் செய்வது. மக்காச்சோளத்தில் அது பெரும்பாலும் வீண் வேலை. முன்னால் முளைத்தவை நிழல் கட்டிவிடும். பின்னால் வந்தது கடைசிவரை நிமிராது. தண்ணீரையும் உரத்தையும் மற்றவற்றைப் போலவே எடுத்துக்கொண்டு கதிர் தராமல் நிற்கும் செடியைக் களை என்றுதான் சொல்ல வேண்டும். ஊன்றுவதாக இருந்தால் முளைத்த மூன்று நான்கு நாளுக்குள், ஊறவைத்த விதையாக.

25 செ.மீ. என்பது சராசரியில் 25 என்றால் போதாது. 10, 40, 10, 40 என்று விழுந்தாலும் சராசரி 25தான். பத்தில் நெருங்கிய இரண்டும் ஒன்றையொன்று இளைக்கவைக்கும். நாற்பதில் கிடக்கும் வெளிச்சத்தை யாரும் முழுதாகப் பயன்படுத்த மாட்டார்கள்.

*

செடிக்குப் பக்கத்துச் செடி நிழல் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அப்பால் உள்ள தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த ஒளி தண்டில் பட்டதும் ‘பக்கத்தில் ஆள் இருக்கிறது’ என்று தெரிந்து செடி நீளத் தொடங்குகிறது. அர்ஜென்டினாவின் பல்லாரேயும் அவர் தோழர்களும் 1990இல் இதைக் காட்டினார்கள்.

நீண்ட தண்டு மெலிந்த தண்டு. கணவாய்க் காற்று வீசும் உடுமலை, தேனி, தென்காசிப் பக்கங்களில் ஆடி மாதத்தில் கதிர் பிடிக்கும்படி நெருக்கி நட்டால், சாய்ந்த பிறகு எண்ணிக்கை பேசிப் பயனில்லை. ஐப்பசி அடைமழைக்கும் இதே எச்சரிக்கை.

*

ஒரே எண்ணிக்கையைப் பல வடிவில் வைக்கலாம். 60க்கு 25, 75க்கு 20, 50க்கு 30: மூன்றிலும் செடிக்கு 1,500 சதுர சென்டிமீட்டரே. செடிகள் நாலு பக்கமும் சம தூரத்தில் இருக்கும் அமைப்பு வெளிச்சத்தையும் வேரையும் நன்றாகப் பங்கிடும். ஆனால் உள்ளே ஆள் நடக்க வேண்டுமே. சொட்டுநீர் போட்டவர்கள் இணைவரிசைக்குப் போகிறார்கள். 45 செ.மீ.யில் இரண்டு வரிசை, பிறகு 75 விட்டு அடுத்த இரண்டு. சராசரி அறுபதுதான், குழாய் மட்டும் 120 செ.மீ.க்கு ஒன்று போதும். குழாய்ச் செலவு பாதி, நடக்க வழியும் உண்டு.

2018இல் படைப்புழு வந்த பிறகு நடக்கும் வழிக்கு மதிப்பு கூடிவிட்டது. குருத்துக்குள் மருந்து இறங்க வேண்டும். நெஞ்சு உயரப் பயிருக்குள் தெளிப்பானோடு ஆள் போய்வர வேண்டும். பத்து வரிசைக்கு ஒருமுறை 75 செ.மீ. இடைவெளி விடச் சொல்லும் பரிந்துரை இதற்காகவே வந்தது.

*

செடியைக் கூட்டினால் தண்ணீரும் தழைச்சத்தும் கூட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குச் சொல்லும் 250:75:75 கிலோ கணக்கு ஹெக்டேருக்கு 66,666 செடியோடு சேர்த்து வாசிக்க வேண்டியது. பூக்கும் காலத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரம்தான் முத்து எண்ணிக்கை தீர்மானமாகும் காலம். அந்த ஒரு மாதத்தில் கிணறு எத்தனை முறை பாய்ச்சும் என்று தெரியாமல் விதைக் கணக்குப் போட முடியாது. கிணற்றில் சந்தேகம் இருந்தால் முப்பதுக்கு விலகுவது நல்லது.

*

சின்ன இடத்தில் போடுகிறவர்களுக்கு: ஒற்றை வரிசையாக வேலியோரம் நட்டால் எந்த இடைவெளியும் உதவாது. மகரந்தம் காற்றில் போவது. குறைந்தது நாலு வரிசை, கட்டமாக நட வேண்டும். வெயில் ஏறினால் மகரந்தத்தின் ஆயுள் ஓரிரு மணி நேரம்தான்.

பெரிய இடத்தில் போடுகிறவர்களுக்கு: பக்கத்துக் காட்டில் தீவன மக்காச்சோளம் அதே வாரம் பூத்தால், அந்த மகரந்தம் விழுந்த சூப்பர் ஸ்வீட் முத்து இனிக்காது, கெட்டியாக மாவாகிவிடும். வரப்புக்கு வரப்பு எழுபது எண்பது மீட்டராவது வேண்டும், அல்லது விதைப்பில் இரண்டு வாரம் தள்ள வேண்டும். அண்டை வயலோடு விட வேண்டிய இடைவெளியும் இடைவெளிதான்.

*

வயலில் எத்தனை செடி நிற்கிறது என்று அறியச் சுருக்கு வழி. 60 செ.மீ. வரிசையானால் 6.75 மீட்டர் நீளக் கயிறு, 75 செ.மீ.யானால் 5.4 மீட்டர். கயிற்றை வரிசையோரம் போட்டு, அதன் நீளத்துக்குள் நிற்கும் செடிகளை எண்ண வேண்டும். வந்த எண்ணோடு மூன்று சுழி சேர்த்தால் ஏக்கர்க் கணக்கு. 27 வந்தால் 27,000. வயலின் நாலைந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுக்கலாம். பதினைந்தாம் நாள் ஒருமுறை செடியை எண்ணவும், ஒடிக்கும் வாரத்தில் அதே கயிற்றோடு போய், விலைபோகும் கதிரை மட்டும் எண்ணவும். இரண்டு எண்ணும் ஒட்டி வந்தால் அடுத்த போகத்தில் சற்று நெருக்கிப் பார்க்கலாம். 27 செடிக்கு 20 கதிர்தான் தேறியது என்றால், முளைப்பு சீராக இருந்ததா, பூக்கும்போது தண்ணீர் தப்பியதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டிலும் குறையில்லை என்றால் விலக்கி நட வேண்டும்.

முழு வயலையும் பணயம் வைக்கத் தேவையில்லை. நடுவில் நாலு பார் இருபதுக்கும், நாலு பார் முப்பதுக்கும் ஊன்றி, மிச்சத்தை வழக்கம்போல விடலாம். அதற்கும் முன்னால், பார் பிடிக்குமுன்பே வியாபாரியிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: எடைக்கா எண்ணிக்கைக்கா, தோலோடா உரித்தா, எத்தனை கிராமுக்குக் கீழே கழிப்பீர்கள்?